வாசலில் தொங்கும் கயிறு

கோவில்பட்டி வட்டாரத்தில் ஆழ்துளைக் கிணற்றில் மோட்டார் இறக்கப் போகும் சம்சாரி, "நைலான் கயிறு நல்லதா, எவர்சில்வர் கம்பி நல்லதா?" என்று கடைக்காரரிடம்தான் கேட்கிறார். நாம் சொல்வதை நம்பித்தான் வாங்குகிறார்.

கம்பி வெயிலைத் தாங்கும். ஆனால் உப்புத் தண்ணீரில் எவர்சில்வரும் நாளடைவில் புள்ளி புள்ளியாக அரிக்கும். கயிறு துருப்பிடிக்காது, அதற்குப் பகை வெயிலும் உரசலும். கடலில் ஓடும் பாய்மரப் படகுகளில் கம்பிக்குப் பதிலாக டைனீமா என்னும் செயற்கைக் கயிறு வந்துவிட்டது. அதையும் இந்த இரண்டுக்கும் பயந்தே சோதித்துப் பார்த்து மாற்ற வேண்டியிருக்கிறது.

நாமோ கயிற்றுச் சுருளைக் கடை வாசலில் வெயிலில் தொங்கவிடுகிறோம். நிறம் வெளுத்து, தடவினால் தூள் உதிரும் கயிற்றில் பழைய வலு இராது. அது மோட்டார் கட்டவோ, கிணற்றில் ஆள் இறங்கவோ உதவாது.

பெயரிலும் நேர்மை வேண்டும். நன்றாக நனைந்த நைலான் தண்ணீரில் மூழ்கும். மிதப்பது பாலிபுரொப்பிலீன் போன்ற வேறு சரக்கு.

ஆகவே வணிக நண்பர்களே, வாசலில் மாதிரிக்கு ஒரு துண்டு போதும்; சுருளை உள்ளே வையுங்கள். எதற்கென்று கேட்டு அளந்து கொடுங்கள். நாலு ரூபாய் லாபத்துக்காக ஒரு சம்சாரியின் மோட்டாரோ ஓர் ஆளின் உயிரோ போகக் கூடாது.