பட்டமும் குலமும்: சதர்லாந்து ஏர்ள்களின் வரலாறு குறித்து ஒரு மறுப்பு

ஸ்கொட்லாந்தின் பிரபுப் பட்டங்களைப் பற்றி எழுதுவோர் கையாளும் முறை ஒன்று உண்டு. பட்டம் பெற்ற முதல்வரில் தொடங்கி, யார் யாருக்கு மகன், எவரை மணந்தார், எப்போரில் மடிந்தார் என வரிசைப்படுத்தி, இன்றைய வாரிசோடு முடிப்பர். அவ்வரலாறுகளிற் குலத்தலைவர் அடிக்கடி தோன்றுவார்; குலம் தோன்றாது. இப்போக்கு அறியாமையால் வந்ததன்று, உண்மையொன்றை மறைப்பதற்கு உதவுவது என்பதே எமது வாதம். சதர்லாந்து ஏர்ள் பட்டத்தின் கதை இதற்குப் போதிய சான்றாகும்.

கேலிக் மொழியிற் 'கிளான்' என்ற சொல்லுக்குப் பிள்ளைகள் என்பது பொருள். தலைவர் தந்தை; குடிகள் பிள்ளைகள். குடிகளிடம் உறுதிப்பத்திரம் இருக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக ஓரிடத்தில் வாழ்ந்து, அழைத்தபோது வாளேந்தியமையே அவர்களது உரிமைக்கு ஆதாரம். இந்த இரத்த உறவு எத்துணை உண்மை என வினவுதல் தகும். 13 ஆம் நூற்றாண்டிலே தோன்றிய இப்பட்டம், 1514 இல் பெண்வழியாகக் கோர்டன் குடும்பத்தின் கைக்கு மாறியது. அவர்களின் வழிவந்தோர் சதர்லாந்து என்னும் குடும்பப் பெயரை மீண்டும் சூடிக்கொண்டது 18 ஆம் நூற்றாண்டிலேயே!

1766 இல் பெற்றோரை இழந்த ஒரு வயதுக் குழந்தை எலிசபெத் வாரிசானார். ஆண்வழியினரான ஃபோர்ஸ் சதர்லாந்துகள் உட்பட இருவர் போட்டியிட்டனர். 1771 இல் பிரபுக்கள் சபை குழந்தையின் பக்கம் தீர்ப்பளித்தது. பெண் பட்டம் பெற்றமைக்கு எமக்கு ஆட்சேபமில்லை. ஆயின் நிலத்திலே வாழ்ந்தோரின் உரிமை பற்றி அச்சபையில் ஒருவரும் வினவவில்லை என்பதைக் குறிப்பிடாதிருக்க இயலவில்லை. கலொடன் போருக்குப் (1746) பின் குலத்தலைவர்களின் பரம்பரை நீதியதிகாரம் சட்டத்தினாற் பறிக்கப்பட்டிருந்தது, நிலவுடைமை பறிக்கப்படவில்லை. தந்தையின் கடமை போய், உடைமையாளரின் உரிமை மட்டும் எஞ்சிற்று.

எடின்பரோவில் வளர்ந்த எலிசபெத், 1785 இல் இங்கிலாந்தின் பெருஞ்செல்வர் குடும்பமொன்றில் மணமுடித்தார். கணவரே பின்னர் ஸ்ரபேட் பிரபுவானவர். 19 ஆம் நூற்றாண்டின் முதலிரு தசாப்தங்களில் உட்பள்ளத்தாக்குகளின் குடிகள் அகற்றப்பட்டுக் கடற்கரைத் துண்டுநிலங்களுக்குத் தள்ளப்பட்டனர். அவர்களின் இடத்திற் செம்மறியாடுகள் மேய்ந்தன. கில்டொனன் மக்கள் 1813 இல் எதிர்த்து நின்றபோது படை வரவழைக்கப்பட்டது. 1814 இல் ஸ்திராத்நேவரில் வீடுகளின் கூரை மரங்கள் எரிக்கப்பட்டன. மரம் அரிதான அந்நாட்டில் கூரை மரத்தை எரிப்பது, இனி வேறிடத்திலும் வீடு கட்டாதே என்பதாகும். அவ்வேலையை நடத்திய பற்றிக் செல்லர், அந்நிலத்திலேயே ஆட்டுப் பண்ணைக் குத்தகையும் பெற்றிருந்தார். மூதாட்டி ஒருவரின் மரணம் தொடர்பாக 1816 இல் இன்வர்னஸ் நீதிமன்றில் அவர்மீது வழக்கு நடந்தது. நிலவுடைமையாளர் மிகுந்திருந்த ஜூரிமார் அவரை விடுதலை செய்தனர்.

பண்ணை ஆணையாளர் ஜேம்ஸ் லொக் 1820 இல் இவற்றுக்கு நியாயங் கூறி நூலெழுதினார். பஞ்சம், பிற்போக்கான விவசாயம், வீதிகள், பாலங்கள், துறைமுகம் என்பன அவரது வாதங்கள். வீதிகளும் பாலங்களும் உண்மையே. பிரபு பெரும்பணம் செலவிட்டதும் உண்மையே. எனினும் முன்னேற்றம் எவருக்கு என்ற வினாவுக்கு விடையில்லை. 15,000 பேர், 3,000 குடும்பங்கள் என்று மார்க்ஸ் 'மூலதனம்' முதற் பாகத்தில் எழுதினார். பின்வந்தோர் எண்ணிக்கை பற்றி வாதிடுவர், அகற்றப்பட்டமையை மறுப்பாரில்லை.

பட்ட வரலாற்றாசிரியர்கள் பெருமையோடு பேசும் 93 ஆவது படைப்பிரிவையும் நோக்குவோம். 1799 இல் இக்குடிகளின் புதல்வர்களைக் கொண்டு அது திரட்டப்பட்டது. ஸ்திராத்நேவர் எரிந்து ஏழு மாதங்களில், 1815 ஜனவரியில், நியூ ஓர்லியன்ஸ் களத்தில் அப்பிரிவு பேரிழப்பைச் சந்தித்தது. பிள்ளைகள் தமது பங்கைச் செலுத்தியவாறே இருந்தனர்.

ஸ்ரபேட் பிரபு 1833 இல் டியூக் ஆகி, அவ்வாண்டே மறைந்தார். கொல்ஸ்பிக்கு மேலுள்ள குன்றில் அவரது பெருஞ்சிலை நிற்கிறது. நன்றியுள்ள குடிகள் எழுப்பியதாக அதன் கல்வெட்டு கூறும். 1963 இல் ஐந்தாவது டியூக் பிள்ளையின்றி இறந்தபோது டியூக் பட்டம் ஆண்வழி உறவினருக்கும், ஏர்ள் பட்டமும் குலத்தலைமையும் தம்பி மகளுக்கும் சென்றன. அப்பெருமாட்டி 2019 இற் காலமாக, மகன் 25 ஆவது ஏர்ளானார். வம்சாவளி நூல்களில் இப்பங்கீட்டை வரிசை பிசகாமற் காணலாம். கில்டொனனை விட்டுச் சென்ற குடும்பங்களைத் தேடுவோரோ, கனடாவின் செந்நதிக் குடியேற்றப் பதிவுகளைத்தான் புரட்டவேண்டும்.