ஹெசரகட்டாவில் மாடு மேயட்டும், மரம் நட வேண்டாம்

பெங்களூருவின் வடமேற்கு விளிம்பில் இருக்கும் ஹெசரகட்டா புல்வெளியைப் பாதுகாப்பு ஒதுக்ககமாக அறிவிக்க, முதல்வர் சித்தராமையா தலைமையிலான மாநில வனவிலங்கு வாரியம் 2024 அக்டோபரில் ஒப்புதல் அளித்தது. பரப்பு 5,678 ஏக்கர். இதே கோரிக்கையை 2021இல் அன்றைய வாரியம் நிராகரித்திருந்தது. அங்கே திரைப்பட நகரம் கட்டும் யோசனைகூட ஒருமுறை எழுந்து அடங்கியது. இந்த ஒப்புதலுக்காக ஆண்டுக்கணக்கில் போராடிய இயற்கை ஆர்வலர்களுக்கு நகரம் கடன்பட்டிருக்கிறது.

நம் கவலை இனி நடக்கப்போவதைப் பற்றியது. வெட்டவெளியைக் கண்டால் மரக்கன்று நடத் தோன்றுவதும், பாதுகாப்பு என்றதும் வேலி போட்டு மாடுகளைத் துரத்துவதும் நம் அரசுத் துறைகளின் பழைய பழக்கங்கள். இரண்டில் எது நடந்தாலும் ஹெசரகட்டா புல்வெளியாக நீடிக்காது.

காரணம் புல்லின் உடலமைப்பிலேயே இருக்கிறது. செடிகள் பெரும்பாலும் நுனியில் வளரும். நுனியைக் கிள்ளினால் அந்தக் கிளை நின்றுபோகும். புல்லின் வளர்முனையோ தரையை ஒட்டி, இலையுறைகளுக்குள் பத்திரமாக ஒளிந்திருக்கிறது. மாடு மேலே கடித்துச் சென்றாலும் இலை அடியிலிருந்து நீண்டுகொண்டே வரும். தூரின் அடி மொட்டுகளிலிருந்து புதுப் பக்கக் கிளைகள் வெடிக்கும். மேய்ச்சலோடு சேர்ந்தே பரிணமித்த உயிர் இது.

ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. அமெரிக்க மண்வள ஆய்வாளர் கிரைடர் 1955இல் வெளியிட்ட சோதனை முடிவுகள் இன்றும் மேய்ச்சல் நிர்வாகத்தின் அடிப்படைப் பாடம். இலையில் பாதியை எடுத்தால் வேர் வளர்ச்சி ஏறக்குறைய பாதிக்கப்படுவதில்லை. 80 விழுக்காட்டை எடுத்தால் வேர் வளர்ச்சி முற்றாக நின்றுவிடுகிறது. அடுத்த மழைக்குள் தேறாத தூரை மறுபடியும் மறுபடியும் மேயவிட்டால் பல்லாண்டுப் புல் செத்து, அந்த இடத்தை மாடு முகர்ந்தும் பார்க்காத களை பிடிக்கும். ஆகவே எத்தனை மாடு என்பதோடு, எப்போது மேய்ந்தது, எத்தனை நாள் ஓய்வு கிடைத்தது என்பதையும் கேட்டாக வேண்டும்.

தக்காண மேட்டுநிலத்தின் ஊசிப்புல்லை அருகில் பார்த்தால் இது விளங்கும். பூக்கும் முன் அது மாட்டுக்கு நல்ல தீனி. காய்த்தபின் ஒவ்வொரு விதையிலும் முறுக்கேறிய நீண்ட வால் முளைத்திருக்கும். ஈரம் பட்டால் வால் முறுக்கவிழும், காய்ந்தால் மீண்டும் முறுக்கிக்கொள்ளும். அந்தச் சுழற்சியில் விதை தானே மண்ணைத் துளைத்து இறங்கிவிடும். ஆட்டு ரோமத்தில் ஏறித் தோலைக் குத்துவதும் இதே விதைதான். எந்தத் துண்டை எப்போது மேய்ப்பது, எதை விதை விழும்வரை விட்டுவைப்பது என்பதை மேய்ப்பர்கள் இந்தப் புல்லிடமிருந்துதான் கற்றார்கள்.

மைசூர் அரசர்கள் இந்த அறிவை நிர்வாகமாகவே ஆக்கினார்கள். சிக்கதேவராஜ உடையார் காலத்து 'பெண்ணெ சாவடி' என்ற அரண்மனை மாட்டுப் பண்ணைக்குத் திப்பு சுல்தான் அம்ருத் மஹால் என்று பெயரிட்டார். அதன் மந்தைகளுக்கென ஒதுக்கிய காவல் நிலங்கள் மழைக்காலத்துக்கு, குளிர்காலத்துக்கு, கோடைக்கு எனப் பிரிக்கப்பட்டிருந்தன. ஒரு பருவத்தில் மேய்ந்த நிலம் மறு பருவத்தில் ஓய்ந்தது. அந்தக் காவல்களில் சித்ரதுர்கா மாவட்டத்துச் செல்லகெரே பக்கம் இருந்தவற்றில் பல ஆயிரம் ஏக்கரை இந்த நூற்றாண்டில் ராணுவ, அணு, விண்வெளி நிறுவனங்களுக்குக் கொடுத்துவிட்டோம்.

காங்கேயத்துக் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலம் இன்னும் உயிரோடு இருக்கும் சான்று. கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் ஆங்காங்கே வெள்வேலமரமுமாக, காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து மாடுகளை மாற்றி மாற்றி விடுகிறார்கள். மழை பொய்க்கும் சீமையில் காங்கேயம் மாடு தழைத்தது இந்த ஒழுங்கினால்தான்.

மேய்ச்சலை அடியோடு தடுத்தால் என்ன ஆகும் என்பதை ராஜஸ்தானின் பரத்பூர் காட்டியது. கேவலாதேவ் தேசியப் பூங்காவில் 1982இல் எருமைகளுக்குத் தடை வந்தது. எதிர்த்த ஊர்மக்கள் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். அதன்பின் தண்ணீர்ப் பரப்பைப் புல் அடைத்துக்கொண்டது. மேய்ச்சல் தேவை என்று பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்ட ஆய்வே சொன்னது. அது சதுப்பு நிலம், ஹெசரகட்டா மேட்டு நிலம். ஆயினும் மேயும் விலங்கை எடுத்துவிட்டால் புல் நிலம் குலையும் என்ற உண்மை இரண்டுக்கும் பொருந்தும்.

மரம் நடுவது அதைவிடக் கேடு. இந்தப் புற்களுக்கு முழு வெயில் வேண்டும். குளிர்காலத்தில் வரும் பூனைப்பருந்துகள் தரையில், புல்லுக்குள்தான் இரவு தங்கும். இங்கே படம்பிடிக்கப்பட்ட அரிய வரகுக்கோழியும் திறந்த புல்வெளிப் பறவைதான். 1894இல் பெங்களூருவின் குடிநீருக்காகக் கட்டப்பட்ட ஹெசரகட்டா ஏரிக்கு மழைநீரை வடித்து அனுப்பும் நிலமும் இதுவே.

2021இல் ஒதுக்ககக் கோரிக்கைக்கு எழுந்த எதிர்ப்பில், மேய்ச்சல் பறிபோகும் என்ற ஊர்மக்களின் பயம் பெரிய பங்கு வகித்தது. வனவிலங்குச் சட்டத்தின் 36ஏ பிரிவு உள்ளூர் மக்களைக் கலந்தே ஒதுக்ககத்தை அறிவிக்கச் சொல்கிறது. அவர்களின் உரிமையை அது பறிப்பதில்லை. இதைக் கன்னடத்தில் ஊர் ஊராகச் சொல்ல வேண்டியது வனத்துறையின் கடமை. நிர்வாகக் குழுவில் ஆடுமாடு மேய்ப்பவர்களுக்கு இடம் வேண்டும். அவர்களோடு உட்கார்ந்து புல்வெளியைத் துண்டுகளாக வகுத்து, எது எந்த மாதம் மேயலாம், எது ஓய வேண்டும் என்று வரைபடம் போட வேண்டும். ஓய்வில் இருக்கும் துண்டுக்கு ஈடாக மேய்ப்பர்களுக்குத் தீவனம் தர அரசு பணம் ஒதுக்க வேண்டும். மரக்கன்றுக் குழி தோண்ட ஒரு ஜேசிபிகூட உள்ளே நுழையக் கூடாது என்பதை அரசாணையிலேயே எழுத வேண்டும். இவை அனைத்தும் அடுத்த ஜூன் மழைக்குள் முடிய வேண்டும். புல் தளிர்க்கும் பருவம் தப்பினால் ஓராண்டு போய்விடும்.