ரோட் ராஷ் என்ன பாவம் பண்ணுச்சு?

பைக்கில் பறந்துகொண்டே பக்கத்தில் வருகிறவன் கையிலிருக்கும் கட்டையைப் பிடுங்கி அவனையே விளாசலாம். போலீஸிடம் மாட்டினால் அபராதம். அதுதான் ரோட் ராஷ்! 1991-ல் சேகா ஜெனிசிஸில் வந்தது. 1996-ல் விண்டோஸுக்கு வந்தபிறகு நம்ம ஊர் கம்ப்யூட்டர் சென்டர்களையும் ஒரு கலக்கு கலக்கியது.

இப்போ ரீமேக் வியாபாரத்தைப் பாருங்க மக்களே. சோனியின் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' வந்தது 2013-ல். 2014-ல் மெருகேற்றி ஒரு தரம், 2022-ல் புதுசாகச் செய்து இன்னொரு தரம் விற்றார்கள். அருமையான கேம்தான், மறுப்பில்லை. ஆனால் புதுவீட்டுக்கு எதுக்குங்க மறுபடி மறுபடி வெள்ளையடிப்பு?

ரோட் ராஷ் கதையே வேற. யோசனை இன்னும் புதுசு, படம் மட்டும்தான் பழசு. ரீமேக் வேண்டியது இந்த மாதிரி கேமுக்குத்தானே? உரிமை வைத்திருக்கும் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2020-ல் 'கமாண்ட் அண்ட் கான்கர்' கேமை மெருகேற்றியது. 2023-ல் 'டெட் ஸ்பேஸ்' கேமை மறுபடி செய்தது. பழசைத் தூசுதட்டத் தெரியாதவர்கள் இல்லை. இதை மட்டும் பரணில் போட்டுவிட்டார்கள்.

"இப்போ யார் வாங்குவா?" என்பார்கள். 2013-ல் ஒரு சின்ன டீம் ரசிகர்களிடமே காசு திரட்டி, இதே பாணியில் 'ரோட் ரிடெம்ப்ஷன்' செய்து 2017-ல் வெளியிட்டது. கேம் வருவதற்கு நாலு வருஷம் முன்பே காசு கொடுத்தவர்கள் அவர்கள். இதைவிட என்ன மார்க்கெட் சர்வே வேணும்?

பழைய பாட்டுகளுக்கு உரிமை வாங்கச் செலவாகும் என்றால் பாட்டை மாத்திக்குங்க சாமி. அந்தக் கட்டையை மட்டும் விட்டுடாதீங்க :)