பச்சைக் குழந்தையும் ஒரு சிட்டிகை உப்பும்

பச்சைக் குழந்தைக்குப் பேதி என்றால் வீட்டில் முதலில் கேட்கும் பேச்சு, 'பால் மாந்தம்! பாலை நிறுத்து, உரைமருந்து ஊத்து' என்பதுதான். சித்த வைத்தியனான நானே சொல்கிறேன், பாலை நிறுத்தாதீர்கள்.

தாய்ப்பாலில் உப்பு மிகக் குறைவு. பசும்பாலில் இருப்பதில் பாதிகூடக் கிடையாது. இந்தச் சிக்கனத்தில் குழந்தை எப்படி வளருகிறது? சிறுநீரகத்தின் தலையில் குல்லாய் மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் தயவு அது. பிரசவம் நெருங்கும்போது அதன் கார்ட்டிசால் ஹார்மோன் குடலைப் பக்குவப்படுத்துகிறது. பிறந்த பிறகு அல்டோஸ்டீரான். பெரியவர்களுக்கு இருப்பதைவிடப் பல மடங்கு அதிகமாகக் குழந்தையின் ரத்தத்தில் ஓடும். அதன் சொல் கேட்டு, மலத்தோடு போகவிருந்த உப்பைப் பெருங்குடல் திரும்ப இழுத்துக்கொள்கிறது. சரியான கஞ்சக் கணக்குப்பிள்ளைதான்!

பேதி வந்தால் அந்தச் சேமிப்பு அடித்துக்கொண்டு போய்விடும். அப்போது வெறும் தண்ணீரோ சர்க்கரைத் தண்ணியோ கொடுத்தால் ரத்தத்தில் சோடியம் இன்னும் இறங்கி, வலிப்புகூட வரலாம். ஆனால் சிறுகுடலில் ஒரு வாசல் பேதியிலும் மூடுவதில்லை. உப்பும் குளுக்கோஸும் கைகோத்து நுழையும் வாசல் அது. 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் காலராவோடு போராடிய டாக்டர் திலீப் மகலனாபிஸ் நம்பியது இதைத்தான். இன்றைய ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம். கண்ணளவில் கலக்கிற சமாசாரம் இல்லை இது. கைக்குழந்தைக்கு எவ்வளவு என்பதை டாக்டரிடம் கேட்டுக் கொடுங்கள்.

வசம்பு, மாசிக்காய், சாதிக்காய் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இழந்த உப்பை அவை திருப்பித் தராது. ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் ஒன்றே போதும் என்பது என் கட்சி.

இன்னொன்று. பிறந்து ஒன்றிரண்டு வாரத்தில் குழந்தை பால் குடிக்காமல், வாந்தியெடுத்துத் துவண்டு, எடை குறைந்தால் 'மாந்தம்' என்று மந்திரித்துக்கொண்டு இருக்காதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே அட்ரினல் இந்த ஹார்மோன்களைச் சுரக்காது, உடம்பிலிருந்து உப்பு ஒழுகிக்கொண்டே இருக்கும். ஆண் குழந்தை என்றால் பார்வைக்கு ஒன்றுமே தெரியாது. கண்டுபிடித்துவிட்டால் மாத்திரையும் உப்பும் கொடுத்து நன்றாக வளர்க்கலாம். குதிகாலில் சில சொட்டு ரத்தம் எடுத்தாலே தெரிந்துவிடும். நீங்கள் பிரசவத்துக்குப் போகிற ஆஸ்பத்திரியில் அந்தப் பரிசோதனை உண்டா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.