பத்து ஊர்களும் ஒரு நிய்யத்தும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் கம்பத்தில் எங்கள் வீட்டில் குடும்பத்தார் அனைவரும் கூடியிருந்தோம். வளைகுடாவில் பணிபுரியும் என் தம்பி ஒரு தாளை எடுத்து நடுவில் விரித்தான். அடுத்த கோடை விடுமுறைக்கான ஸ்பெயின் பயணத் திட்டம் அது. 16 நாள்கள், 10 ஊர்கள், 7 பேர். மாட்ரிட், சரகோசா, பார்சிலோனா, வலென்சியா, அலிக்காந்தே, கிரனடா, மாலகா, செவில், கார்டோபா, டொலிடோ என்று ஊர்ப்பெயர்கள் வரிசையாக இறங்கின. பிள்ளைகள் ஆர்ப்பரித்தனர். முழங்கால் வலியோடு சுவரில் சாய்ந்து அமர்ந்திருந்த எங்கள் அம்மா, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இவ்வளவு ஊரும் சரி அத்தா, இதுல எந்த ஊர்ல உட்காருவோம்?" என்றார்கள்.

நாங்கள் சிரித்துவிட்டோம். ஆனால் அந்தக் கேள்விக்கு விடை அந்தத் தாளில் இல்லை. இன்று நம் சமுதாயக் குடும்பங்கள் பல, அல்லாஹ்வின் அருளால், கடல் கடந்து சுற்றுலா செல்லும் வசதியைப் பெற்றுள்ளன. அவற்றுள் ஸ்பெயின் தனி ஈர்ப்புடையது. குர்துபா, இஷ்பீலியா, கர்னாத்தா, துலைத்துலா என்று மதரஸா நாள்களில் கேட்ட பெயர்கள்தாம் இன்றைய கார்டோபா, செவில், கிரனடா, டொலிடோ. எனவே அந்நாட்டை எப்படிச் சுற்றிப் பார்ப்பது என்பது குறித்து என் கருத்தை எழுதுகிறேன். ஊர்களைக் குறையுங்கள், தங்கும் நாள்களைக் கூட்டுங்கள், இவ்விரண்டிற்கும் முன்பாக, எதற்காகப் போகிறோம் என்பதை முதல் வரியாக எழுதுங்கள்.

முதலில் கடமை

செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தே அமைகின்றன என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்துள்ளார்கள். பயணம் அதற்கு விலக்கன்று. பூமியில் பயணம் செய்து, முன் சென்றோரின் முடிவு என்னவாயிற்று என்று பார்க்குமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் நம்மைத் தூண்டுகிறது. எனவே சுற்றுலாவே வீண் என்று கூறுவோருடன் நான் உடன்படவில்லை. பிள்ளைகளுக்கு உலகைக் காட்டுவது பெற்றோர் செய்யும் நல்ல செலவுகளில் ஒன்று.

ஆனால் ஒரு கணக்கை முதலில் தீர்க்க வேண்டும். ஸ்பெயின் பயணத்தில் ஒருவருக்கு ஆகும் செலவைக் கூட்டிப் பார்த்தால், அது ஹஜ் செலவுக்கு எட்டும் தொலைவில் நிற்கும். அத்தகைய பயணத்தைக் குடும்பத்தோடு மேற்கொள்ளும் ஒருவர் மீது ஹஜ் கடமையாகிவிட்டதா என்று கேட்க வேண்டிய தேவையே பெரும்பாலும் இராது. நம் பகுதி ராவுத்தர் குடும்பங்கள் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபின் வலுவான கருத்துப்படி, ஹஜ் கடமையானவர் அதைத் தாமதிக்கலாகாது. ஷாஃபிஈ மத்ஹபில் தாமதிக்க இடமுண்டு என்றாலும், நிறைவேற்றும் உறுதியோடு இருக்க வேண்டும்; நிறைவேற்றாமல் இறந்தால் பொறுப்பு நீங்காது.

எங்கள் அம்மா, அத்தா உயிருடன் இருந்தபோதே ஹஜ்ஜை நிறைவேற்றிவிட்டார்கள். தம்பி இன்னும் செய்யவில்லை. "பிள்ளைகள் படிப்பு முடியட்டும்" என்பது அவன் வழக்கமான பதில். அன்றிரவு தனியே அமர்ந்து இதைச் சொன்னபோது அவன் முகம் வாடியது. பிள்ளைகளின் படிப்பு ஸ்பெயினுக்குத் தடையாக இல்லாதபோது மக்காவுக்கு மட்டும் எப்படித் தடையாகும் என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. கேட்டிருக்க வேண்டாமோ என்று எனக்கே சற்று நேரம் தோன்றியது. ஆயினும் உடன்பிறந்தவர்கள் கேளாவிடில் வேறு யார் கேட்பார்?

கடனும் அப்படியே. வட்டித் தவணையில் வாங்கிய பயணத்தில் பரக்கத்தைத் தேட முடியாது. விசாவுக்காக வங்கிக் கணக்கில் கைமாற்றுப் பணத்தைப் போட்டுக் காட்டிவிட்டு, பிறகு எடுத்துத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் நம்மிடையே இயல்பாகிவிட்டது. அது ஆவணத்தில் எழுதப்பட்ட பொய். பொய்யில் தொடங்கும் பயணத்தைப் படிப்பினைக்கான பயணம் என்று எப்படிச் சொல்வது?

பத்து ஊர்களா, மூன்று தங்கல்களா?

16 நாள்களில் 10 ஊர்கள் என்றால், ஏறத்தாழ ஒன்றரை நாளைக்கு ஒருமுறை பெட்டி கட்ட வேண்டும். அறையைக் காலி செய்வதிலும், நிலையத்தில் காத்திருப்பதிலும், புதிய அறைக்கு வழி தேடுவதிலும் பாதிப் பகல் போய்விடும். அம்மாவைப் போன்ற முதியவருக்கு அது சுற்றுலாவன்று, தண்டனை. பிள்ளைகளின் நினைவிலும் ஊர்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

ஸ்பெயினின் அதிவேக ரயில்கள் இதற்கு நல்ல தீர்வைத் தருகின்றன. மாட்ரிடிலிருந்து டொலிடோ அரை மணி நேரம். மாட்ரிடிலிருந்து கார்டோபா இரண்டு மணி நேரத்திற்குள். கார்டோபாவிலிருந்து செவில் முக்கால் மணி நேரம். கிரனடா ஒன்றரை மணி நேரத்தை ஒட்டி. எனவே மூன்று ஊர்களில் மட்டும் தங்கினால் போதும். மாட்ரிடில் 3 இரவுகள். அங்கிருந்து டொலிடோவுக்கு ஒரு நாள் சென்று திரும்பலாம். கார்டோபாவில் 4 இரவுகள். செவிலுக்கும் ஒரு நாள் சென்று வரலாம். கிரனடாவில் 5 இரவுகள். பிறகு ரயிலிலேயே மாட்ரிட் வந்து விமானம் ஏறலாம். பார்சிலோனாவை விட்டால் மனம் வருந்தும் என்பது உண்மைதான். ஒரு நாட்டை ஒரே பயணத்தில் பார்த்து முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் எங்கிருந்து வந்தது?

காலத்தையும் கவனிக்க வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் கார்டோபாவிலும் செவிலிலும் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். ஈஸ்டருக்கு முந்தைய வாரத்தில் செவில் முழுவதும் ஊர்வலங்களால் நிரம்பும். அறை வாடகை பல மடங்கு உயரும். நம் பள்ளி விடுமுறைக்கு மே மாதம் பொருந்திவரும். விசாவுக்குப் பயண நாளுக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும், நேரில் சென்று கைரேகை பதிவதும் தேவை. விசா கிடைத்ததும் எடுக்க வேண்டிய முதல் சீட்டு கிரனடாவின் அல்ஹம்ரா மாளிகைக்கானது. நஸ்ரி அரண்மனைகளுக்குள் நுழையும் நேரம் சீட்டிலேயே குறிக்கப்பட்டிருக்கும். தவறினால் உள்ளே விடமாட்டார்கள். அந்த நாளை உறுதிசெய்த பின்னரே மற்ற நாள்களை அதற்கேற்ப அமைக்க வேண்டும்.

தொழுகையும் உணவும்

நம் திட்டத் தாள்களில் விமான நேரம் இருக்கும், ரயில் நேரம் இருக்கும். தொழுகை நேரம் இருக்காது. ஸ்பெயினின் கடிகாரம் சூரியனைவிட மிகவும் முந்தி ஓடுவது. மே நடுவில் கார்டோபாவில் லுஹர் நேரம் பிற்பகல் இரண்டேகாலை ஒட்டித் தொடங்கும். மக்ரிப் இரவு ஒன்பதேகாலுக்கு மேல். இஷா பதினொன்றை நெருங்கும். இதை முன்பே அறிந்தால் நாளை அழகாகப் பகுக்கலாம். காலையில் ஊர் பார்த்து, பிற்பகல் அறைக்குத் திரும்பித் தொழுது, முதியவர்களும் குழந்தைகளும் ஓய்ந்து, வெயில் தாழ்ந்த பின் மீண்டும் புறப்படலாம். அவ்வூர் மக்களின் வழக்கமும் ஏறத்தாழ இதுவே.

ஓரிடத்தில் 15 நாள்களுக்குக் குறைவாகத் தங்கும் பயணி நான்கு ரக்அத் ஃபர்ளுகளை இரண்டாகச் சுருக்கித் தொழ வேண்டும் என்பது ஹனஃபி சட்டம். ஆனால் அம்மத்ஹபில் இரு வேளைத் தொழுகைகளை ஒரே நேரத்தில் சேர்த்துத் தொழ இடமில்லை. ஷாஃபிஈ மத்ஹபில் உண்டு. புறப்படுமுன் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். பயணிக்கு ஜும்ஆ கடமையில்லை என்றாலும், வெள்ளிக்கிழமைகளை மாட்ரிடிலும் கிரனடாவிலும் அமையுமாறு வகுத்தால் பெரும் பேறு. கிரனடாவின் அல்பைசீன் குன்றில், அல்ஹம்ராவை எதிர்நோக்கி நிற்கும் பள்ளிவாசல் 2003இல் திறக்கப்பட்டது. 1492இல் முஸ்லிம் ஆட்சி முடிந்த ஊரில், ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின் எழுந்த பள்ளி அது. அங்கே பாங்கொலி கேட்பது நம் பிள்ளைகள் வாழ்நாள் முழுதும் மறவாத நிகழ்வாக அமையும்.

உணவில் எச்சரிக்கை வேண்டும். பன்றி இறைச்சி அங்கே அன்றாட உணவு. போல்வோரோன் போன்ற புகழ்பெற்ற இனிப்புகளில் கூடப் பன்றிக் கொழுப்பைச் சேர்ப்பது மரபு. மீன், முட்டை, காய்கறி, ஆலிவ் எண்ணெய் ஆகியவை தாராளமாகக் கிடைக்கும். மாட்ரிடின் லவாப்பியேஸ் பகுதியில் வங்கதேசத்தவரும், கிரனடாவில் மொராக்கோ நாட்டவரும் ஹலால் உணவகங்கள் நடத்துகின்றனர்.

எதைப் பார்க்கப் போகிறோம்?

ஸ்பெயினுக்குச் செல்லும் முஸ்லிம் பயணிகளிடம் இரு தவறுகள் காணப்படுகின்றன. எல்லாக் கட்டடங்களின் முன்னும் படம் எடுத்துவிட்டு நகர்வது ஒன்று. இழந்த பெருமையை எண்ணி அழுதுவிட்டுத் திரும்புவது மற்றொன்று.

கார்டோபா பள்ளிவாசலின் கட்டுமானத்தை முதலாம் அப்துர் ரஹ்மான் 785ஆம் ஆண்டளவில் தொடங்கினார். 1236இல் ஊர் கைமாறியபின் அது தேவாலயமாயிற்று. இன்றும் 850க்கும் மேற்பட்ட தூண்கள் அங்கே நிற்கின்றன. அங்கே முஸ்லிம்கள் தொழ அனுமதி இல்லை. 2010இல் ஆஸ்திரியாவிலிருந்து வந்த முஸ்லிம் குழுவினர் சிலர் தொழ முயன்று காவலருடன் மோதல் ஏற்பட்டது. இத்தகைய செயலை நான் ஆதரிக்க மாட்டேன். சீட்டு வாங்கி நுழையும்போதே அவ்விடத்தின் விதிக்கு ஒப்புதல் தருகிறோம். உள்ளத்தால் திக்ரு செய்வதை யாரும் தடுக்க முடியாது. மேலும், நன்மையை நாடிப் பயணம் மேற்கொள்ள நபி (ஸல்) அவர்கள் சிறப்பித்துக் கூறியவை மக்கா, மதீனா, அல்அக்ஸா ஆகிய மூன்று பள்ளிகளே. கார்டோபாவுக்கு நாம் செல்வது ஸியாரத்துக்காக அன்று, படிப்பினைக்காக.

அந்தப் படிப்பினை அல்ஹம்ராவின் சுவர்களில் செதுக்கப்பட்டுள்ளது. அல்லாஹ்வைத் தவிர வெற்றியாளன் இல்லை என்னும் அரபு வாசகம் அங்கே திரும்பத் திரும்ப வருகிறது. அது நஸ்ரி அரசர்களின் குறிமொழி. அந்த வம்சத்தை நிறுவிய முதலாம் முஹம்மதோ, 1248இல் காஸ்டில் மன்னர் செவிலைக் கைப்பற்றியபோது அவருக்குப் படை தந்து உதவியவர். தன் நாட்டைக் காக்கச் சகோதரரின் ஊரை எதிரிக்குத் திறந்துவிட்டார். 1031இல் கிலாஃபத் சிதைந்த பின் எழுந்த சிற்றரசர்கள் பலரும் ஒருவருக்கு எதிராக ஒருவர் பகைவருக்குக் கப்பம் கட்டினர். பிள்ளைகளை அந்தச் சுவரின் முன் நிறுத்தி இதைச் சொல்லுங்கள். ஒரே தெருவில் இரு ஜமாஅத்தாகப் பிரிந்து வழக்காடும் நமக்கும் அதில் செய்தி உண்டு.

நீரையும் காட்டுங்கள். டாரோ ஆற்றிலிருந்து சுமார் 6 கிலோமீட்டர் கால்வாய் வெட்டி அந்தக் குன்றின் மீது நீரை ஏற்றினார்கள். கால்வாயைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லான அசேக்கியா, அஸ்ஸாகியா என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. 1895இல் திறக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்து வந்து நம் பள்ளத்தாக்கின் நெல்லையும் பன்னீர்த் திராட்சையையும் வாழ வைப்பதை நாள்தோறும் காணும் கம்பத்துப் பிள்ளைகளுக்கு அந்த உழைப்பின் அருமை எளிதில் விளங்கும். ஆட்சி போன பின்னும் கால்வாய் நின்றது. மக்களுக்குப் பயன்படுவது நிலைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

உட்கார்ந்த பயணி

1340களில் மதுரைச் சுல்தானகத்திற்கு வந்தவர் இப்னு பதூதா. அதே மனிதர் 1350ஆம் ஆண்டளவில் கிரனடாவிலும் இருந்தார். அங்கே குடியேறியிருந்த ஃபக்கீர்களுள் இந்தியாவிலிருந்து சென்றவர்களும் இருந்ததை அவர் குறித்துள்ளார். அவ்வூர்த் தோட்டம் ஒன்றில் அமர்ந்து தம் பயணங்களை அவர் விவரித்தபோது கேட்டவர்களுள் ஒருவர் இப்னு ஜுஸை என்னும் இளைஞர். அவரே பின்னாளில் ஃபெஸ் நகரில் அப்பயணங்களை எழுத்தாக்கினார். உலகைச் சுற்றியவரின் நூல், அவர் உட்கார்ந்து பேசியதால் நமக்குக் கிடைத்தது.

அம்மா கேட்டதும் அதைத்தான். எந்த ஊரில் உட்கார்ந்து பேசுவோம்? எந்த ஊரில் பிள்ளைகளுக்குக் கதை சொல்வோம்? எந்த ஊரில் சேர்ந்து துஆச் செய்வோம்?

தம்பி சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தான். தானும் மனைவியும் ஹஜ்ஜுக்கு விண்ணப்பிக்கப் போவதாகவும், ஸ்பெயின் பயணம் அதற்குப் பிறகுதான் என்றும் கூறினான். புதிய திட்டத் தாளையும் அனுப்பியிருந்தான். அதில் மூன்று தங்கல்கள். கிரனடாவுக்கு நேராக, "அம்மா உட்காருவதற்கு 5 நாள்கள்" என்று எழுதியிருந்தான்.

நம் பயணங்களை அல்லாஹ் கடமைகளுக்குப் பின்னானவையாகவும், படிப்பினை மிக்கவையாகவும் ஆக்கி, சென்ற அனைவரையும் நலமுடன் வீடு சேர்ப்பானாக! ஆமீன்.