வகுப்பறைக்குள் வந்த காவலர்: தென் கரோலினா வழக்கு ஒடுக்கப்பட்டோருக்குச் சொல்வது என்ன?

2015 அக்டோபர் 26. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத் தலைநகரான கொலம்பியாவை ஒட்டியுள்ள ஸ்பிரிங் வேலி உயர்நிலைப் பள்ளியில் கணித வகுப்பு நடந்துகொண்டிருந்தது. 16 வயதுக் கறுப்பின மாணவி ஒருவர் கைப்பேசியை எடுத்ததற்காக வகுப்பிலிருந்து வெளியேறும்படி ஆசிரியர் கூறினார். மாணவி எழவில்லை. பள்ளி நிர்வாகி வந்து கூறியும் எழவில்லை. மூன்றாவதாக அழைக்கப்பட்டவர், அப்பள்ளியிலேயே பணியமர்த்தப்பட்டிருந்த ஷெரிஃப் துறைக் காவலர். அவர் அமர்ந்திருந்த மாணவியைப் பிடித்து, மேசையோடு சேர்த்துப் பின்புறமாகக் கவிழ்த்து, தரையில் இழுத்தெறிந்து கைது செய்தார். சக மாணவர்கள் எடுத்த காணொளி சில மணி நேரத்தில் உலகெங்கும் பரவியது.

இந்நிகழ்வில் இரண்டாவதாக ஒரு கைதும் உண்டு. அதே வகுப்பில் இருந்த 18 வயது மாணவி ஒருவர் இந்த வன்முறையைக் கண்டு உரக்க எதிர்ப்புத் தெரிவித்தார். அவரையும் காவலர் கைது செய்தார். வயது வந்தோருக்கான தடுப்புக்காவல் மையத்துக்கு அவர் கொண்டுசெல்லப்பட்டார். தாக்கப்பட்டவர் மீதும், தாக்குதலைத் தட்டிக்கேட்டவர் மீதும் சுமத்தப்பட்ட குற்றம் ஒன்றே: 'பள்ளிக்கு இடையூறு விளைவித்தல்'.

காணொளியைப் பார்த்த உலகம் காவலரின் கையைப் பார்த்தது. அந்தக் கைக்குப் பின்னால் இருந்த சட்டத்தைப் பலர் பார்க்கவில்லை. இக்கட்டுரையின் அக்கறை அச்சட்டத்தைப் பற்றியது.

ஒழுங்கின்மை குற்றமாக மாறிய விதம்

தென் கரோலினாவின் 'பள்ளி இடையூறு' சட்டத்தின் வேர் 1919-இல் இருக்கிறது. பெண்கள் பயிலும் கல்வி நிலையங்களுக்குள் புகுந்து தொல்லை கொடுக்கும் வெளியாட்களைத் தடுப்பதே அதன் தொடக்க நோக்கம். பிற்காலத்தில் அது எல்லாப் பள்ளிகளுக்கும் விரிந்தது. மாணவர்களைப் பாதுகாக்க இயற்றப்பட்ட சட்டம், இறுதியில் மாணவர்கள் மீதே பாயும் சட்டமாயிற்று.

அதன் சொற்களைக் கவனிக்க வேண்டும். பள்ளி மாணவரையோ ஆசிரியரையோ 'எவ்வகையிலும், எவ்விடத்திலும்' இடையூறு செய்வது குற்றம். 'அருவருக்கத்தக்க முறையில்' நடந்துகொள்வதும் குற்றம். தண்டனை 90 நாள் வரை சிறை அல்லது 1,000 டாலர் வரை அபராதம். எந்தச் செயல் அருவருக்கத்தக்கது என்பதற்கு வரையறை இல்லை. சத்தமாகச் சிரிப்பதும், பதில் பேசுவதும், இருக்கையை விட்டு எழ மறுப்பதும் அதனுள் அடங்கும்; அடங்காமலும் போகும். முடிவு அந்த நேரத்தில் அங்கே நிற்கும் காவலரின் மனத்தைப் பொறுத்தது.

வரையறையற்ற குற்றச் சொல் அதிகாரத்தின் கையில் என்ன ஆகும் என்பதற்குக் கொலம்பியா நகரமே பழைய சாட்சி. 1961 மார்ச்சில், இனப் பாகுபாட்டைக் கண்டித்து மாநிலச் சட்டமன்ற வளாகத்துக்கு அமைதியாக ஊர்வலம் சென்ற கறுப்பின மாணவர்களில் 187 பேர் 'அமைதியைக் குலைத்தனர்' என்று தண்டிக்கப்பட்டனர். 1963-இல் எட்வர்ட்ஸ் எதிர் தென் கரோலினா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அத்தண்டனைகளை நீக்கியது. அன்று வீதியில் 'அமைதிக் குலைவு' என்று அழைக்கப்பட்டது, அரை நூற்றாண்டுக்குப் பின் வகுப்பறையில் 'இடையூறு' என்று பெயர் மாறி நின்றது.

காவலர் பள்ளிக்குள் வந்த கதை

அமெரிக்கப் பள்ளிகளில் காவலர்களை நிரந்தரமாக நிறுத்தும் முறை 1950-களில் மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளிண்ட் நகரில் தொடங்கியது. 1999-இல் கொலம்பைன் பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு ஒன்றிய அரசின் நிதியுதவியோடு அது நாடெங்கும் பரவியது. துப்பாக்கியோடு வரும் கொலையாளியைத் தடுக்க வந்த காவலர், அப்படி யாரும் வராத நாள்களில் என்ன செய்வார்? கைப்பேசிக்கும் வாய்ச்சண்டைக்கும் வகுப்புக்குத் தாமதமாக வருவதற்கும் அவரையே அழைக்கும் பழக்கம் உருவானது. தலைமையாசிரியரின் அறைக்குப் போக வேண்டிய விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது.

அதன் சுமை எல்லார் மீதும் சமமாக விழவில்லை. அமெரிக்கக் கல்வித் துறையின் 2011-12 தரவுகளின்படி, மாணவர் தொகையில் 16 விழுக்காடாக இருந்த கறுப்பின மாணவர்கள், காவல்துறையிடம் அனுப்பப்பட்டோரில் 27 விழுக்காடாகவும், பள்ளி தொடர்பாகக் கைதானோரில் 31 விழுக்காடாகவும் இருந்தனர். தென் கரோலினாவில் 'பள்ளி இடையூறு' குற்றச்சாட்டுக்கு ஆளாகும் வாய்ப்பு வெள்ளையின மாணவரைவிடக் கறுப்பின மாணவருக்கு ஏறத்தாழ நான்கு மடங்கு அதிகம் என்று வழக்குத் தொடுத்தோர் எடுத்துக்காட்டினர்.

மறுபுறம் வெட்டப்பட்டது எது? அமெரிக்கக் குடியுரிமைச் சுதந்திரங்கள் சங்கம் 2019-இல் வெளியிட்ட அறிக்கை, காவலர் இருந்தும் மனநல ஆலோசகரோ செவிலியரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ இல்லாத பள்ளிகளில் 1 கோடியே 40 இலட்சம் மாணவர்கள் பயில்வதாகக் கூறியது. மேசையை விட்டு எழ மறுக்கும் பிள்ளையின் மனத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கப் பயிற்சி பெற்றவர் அங்கே இல்லை. விலங்கிடப் பயிற்சி பெற்றவர் இருந்தார்.

எட்டாண்டுப் போராட்டம்

காவலர் இரண்டே நாளில் பணிநீக்கம் செய்யப்பட்டார். மாணவியைத் தூக்கியெறிந்தது பயிற்சி நெறிக்கு முரணானது என்றார் ஷெரிஃப் லியோன் லாட். நிகழ்வைத் தொடங்கி வைத்ததில் மாணவிக்கும் பொறுப்பு உண்டு என்ற கருத்தையும் உடன் சேர்த்தார். குற்றவியல் நீதி அதற்கு மேல் நகரவில்லை. 2016 செப்டம்பரில், காவலர் மீது வழக்கு இல்லை என மாவட்ட அரசு வழக்கறிஞர் அறிவித்தார். மாணவியர் இருவர் மீதான குற்றச்சாட்டுகளும் கைவிடப்பட்டன. 2017 சனவரியில் ஒன்றிய நீதித்துறையும் அதே முடிவுக்கு வந்தது. காவலர் ஒருவர் உரிமையை 'வேண்டுமென்றே' பறித்தார் என்று ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கக் கோரும் அந்நாட்டுச் சட்டம், இத்தகைய வழக்குகளைப் பெரும்பாலும் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

இங்கேதான் போராட்டம் திசை மாறியது. தட்டிக்கேட்டதற்காகக் கைதான மாணவியும் வேறு சில மாணவர்களும் 2016 ஆகஸ்டில், அந்தச் சட்டமே அரசமைப்புக்கு முரணானது என்று வழக்குத் தொடுத்தனர். கீழமை நீதிமன்றம் முதலில், வழக்காட அவர்களுக்குத் தகுதியில்லை என்று தள்ளியது. 2018 மார்ச்சில் நான்காம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருத்தி வழக்கை உயிர்ப்பித்தது. அதே ஆண்டு மே மாதம் மாநிலச் சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தி, அது பள்ளியின் மாணவர்களுக்குப் பொருந்தாது என ஆக்கியது. 2023 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இறுதித் தீர்ப்பை வழங்கியது: பழைய இடையூறுச் சட்டமும், பள்ளி மாணவர்கள் மீது பயன்படுத்தப்படும் அளவில் ஒழுங்கீன நடத்தைச் சட்டமும் தெளிவின்மையால் அரசமைப்புக்குப் புறம்பானவை. எது குற்றம் என்று மாணவர் அறிய முடியாத சட்டம், பாகுபாட்டோடு பயன்படுத்தப்படும் சட்டமாகவே இருக்கும் என்ற வாதம் வென்றது. ஒரு காவலரைத் தண்டிக்கத் தவறிய அமைப்பில், அக்காவலரின் கைக்கு வலுவூட்டிய சட்டம் வீழ்த்தப்பட்டது. வழக்கறிஞர்களும் இயக்கத்தினரும் குறித்துக்கொள்ள வேண்டிய உத்தி இது.

எதிர்வாதங்கள்

நாற்பது பேர் படிக்கும் வகுப்பை ஒருவர் நிறுத்தி வைத்தால் மற்றவர்களின் கல்வி உரிமை என்னாவது என்ற கேள்வி நேர்மையானது. ஆசிரியர்களின் நெருக்கடியும் உண்மையானது. ஸ்பிரிங் வேலிப் பள்ளியிலேயே, நீக்கப்பட்ட காவலருக்கு ஆதரவாக மாணவர்கள் பலர் வெளிநடப்புச் செய்தனர். டென்வர் நகரக் கல்வி வாரியம் 2020-இல் காவலர்களைப் பள்ளிகளிலிருந்து விலக்க முடிவெடுத்து, 2023-இல் ஒரு பள்ளியில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்த பின் அவர்களைத் திரும்ப அழைத்தது. பாதுகாப்பு பற்றிய அச்சம் கற்பனையன்று.

ஆனால் ஆயுதத்தோடு வருபவரைத் தடுப்பதும், எழ மறுக்கும் மாணவியை இழுத்தெறிவதும் ஒரே பணியல்ல. முதலாவதற்குக் கொடுத்த அதிகாரம் இரண்டாவதற்குப் பாயாமல் தடுக்கும் எழுத்துவடிவ எல்லை வேண்டும். அந்த எல்லை இல்லாத இடத்தில், ஏற்கெனவே 'அடங்காதவர்' என்று சமூகம் முத்திரை குத்தி வைத்திருக்கும் பிள்ளைகளே முதலில் விலங்கு காண்கின்றனர்.

நாம் எங்கே நிற்கிறோம்?

நம் இயக்கங்களுக்கு இக்கேள்வி எளிதானதன்று. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவரும் அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டனர். தாக்கியவர்களில் உடன் படித்த மாணவர்களும் இருந்தனர். அப்போது சட்டத்தின் முழு வலுவையும் நாம் கோரினோம். அது நியாயம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நாம் போராடிப் பெற்ற கருவி. அரிவாள் வெட்டு ஒழுங்கின்மை அன்று. அதே வேளையில், பள்ளிகளைக் காவல்துறையின் பொறுப்பில் விட்டுவிட்டால் சாதி அடங்கிவிடும் என்று எண்ணுவோமானால், சேரிகளுக்குள் அதே காவல்துறை நடந்துகொண்ட வரலாற்றை மறந்தவர்களாவோம். 'யார் தொல்லை' என்று முடிவெடுக்கும் அதிகாரம் காவலரிடம் சென்றால், அது எந்தத் தெருப் பிள்ளையைச் சுட்டும் என்பது நமக்குத் தெரியும்.

நம் சட்டங்களில் எல்லைகள் ஏற்கெனவே எழுதப்பட்டுள்ளன. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. சிறார் நீதி மாதிரி விதிகள் 2016-இன் 8-ஆம் விதியின்படி, கொடுங்குற்றம் என்றாலோ பெரியவர்களோடு சேர்ந்து செய்யப்பட்டதாகக் கூறப்பட்டாலோ அன்றி, சிறார் மீது முதல் தகவல் அறிக்கை பதியக் கூடாது; எந்த நிலையிலும் கைவிலங்கு கூடாது, லாக்கப்பில் அடைக்கவும் கூடாது. நாங்குநேரிக்குப் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு குழு 2024 சூனில் அளித்த அறிக்கை, பள்ளி நல அலுவலர்களை நியமிக்கப் பரிந்துரைத்தது. தென் கரோலினாவின் பள்ளிகளில் காவலர் நிரப்பிய வெற்றிடத்தை நிரப்ப வேண்டியவர் இத்தகைய அலுவலரே.

எனவே கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும். வகுப்பறை ஒழுங்கு சார்ந்த விவகாரங்களுக்குக் காவல்துறையை அழைக்கக் கூடாது என்று கல்வித் துறை எழுத்தில் ஆணையிட வேண்டும். பள்ளி வளாகத்தினுள் நிகழும் ஒவ்வொரு காவல் தலையீடும் சாதி, பாலின விவரங்களோடு பதிவு செய்யப்பட்டு ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும். அமெரிக்காவில் பாகுபாட்டை அம்பலப்படுத்தியது அத்தகைய தரவே. பள்ளி நல அலுவலர் பணியிடங்கள் நிரப்பப்பட வேண்டும். கல்லூரிகளில் பயிலும் தோழர்கள், தம் ஊர்ப் பள்ளியில் ஒரு பிள்ளை காவல் நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டால், 8-ஆம் விதியின் நகலோடு அங்கே போய் நிற்கலாம். கொலம்பியாவில் ஒரு சட்டம் வீழ்ந்ததும், வகுப்பறையில் ஒரு மாணவி எழுந்து நின்று கேள்வி கேட்டதில் தொடங்கித்தான்.