உழவர் பேச்சை உழவரே தொகுக்க வேண்டும்

தஞ்சை மாவட்ட உழவர்கள் 1960-களில் ஒரு நெல் இரகத்திற்குத் தாங்களே பெயர் சூட்டினார்கள். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால இரகம் அது. குறுவைக்கு ஏற்ற அந்த நெல்லைப் பற்றித் திருச்சி வானொலி நிலையம் தன் பண்ணை நிகழ்ச்சிகளில் விடாமல் எடுத்துச் சொன்னது. வானொலி வழியே வந்த நெல் என்பதால் ‘ரேடியோ நெல்’ என்ற பெயரே ஊர் வழக்கில் நிலைத்துவிட்டது. உழவர் காதுக்கு எட்டும் சொல், வயலில் எவ்வளவு பெரிய மாற்றத்தைச் செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

அந்த நாளில் ஒலிபரப்பு நேரம் தவறினால் தவறியதுதான். ஐயம் கேட்கக் கடிதம் எழுதிப் போட்டுக் காத்திருக்க வேண்டும். இன்று ஒலிப்பதிவுக் கருவி சட்டைப் பையிலேயே இருக்கிறது. பேச்சைப் பதிந்து இணையத்தில் ஏற்றி, கேட்பவர் தமக்கு ஓய்வான நேரத்தில் கேட்கும்படி செய்யலாம். இதைப் பாட்காஸ்ட் என்கிறார்கள். தமிழில் வலையொலி என்ற சொல் வழக்கிற்கு வந்துள்ளது. நிலையமும் வேண்டாம், கோபுரமும் வேண்டாம். ஓர் உழவர் குழு மனம் வைத்தால் வாரம் ஒரு பேச்சை வெளியிட்டுவிடலாம்.

ஆயினும் இதில் ஒரு குறை இருக்கிறது. பதிவு செய்யப் பலருக்கும் தெரிகிறது. பதிந்ததை வெட்டி, ஒட்டி, ஒழுங்குபடுத்தும் தொகுப்பு வேலை மட்டும் பெரும்பாலும் வேறொருவர் கையில் இருக்கிறது. வயலுக்கு வந்து ஒரு மணி நேரம் பேச்சைப் பதிந்து செல்பவர், அதில் எட்டு நிமிடத்தை மட்டும் வெளியிடுகிறார். எந்த எட்டு நிமிடம் என்பதை அவரே தீர்மானிக்கிறார். அந்தத் தீர்மானம் உழவர் கைக்கு வர வேண்டும். அதற்காகத்தான் உழவர் குடும்பத்துப் பிள்ளைகள் ஒலித்தொகுப்பைக் கற்க வேண்டும்.

காதுக்கு உள்ள வசதி

படமும் பேச்சும் சேர்ந்து வரும் காலத்தில் வெறும் ஒலி எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். நாற்றுக் கட்டுபவருக்கும், பால் கறப்பவருக்கும், கடலை உரிப்பவருக்கும் கையும் கண்ணும் வேலையில் இருக்கும். காது மட்டும் ஓய்வாக இருக்கும். படிக்கத் தெரியாத மூத்தவர்களுக்கும் ஒலி தடையின்றிச் சென்று சேரும். செலவும் குறைவு. பத்து நிமிடப் பேச்சை 64 கிலோபிட் அளவில் எம்.பி.3 கோப்பாக்கினால் சுமார் 5 எம்.பி.தான் ஆகும். வாட்ஸ்அப் குழுவில் எளிதாக அனுப்பலாம். பட்டன் செல்போன் வைத்திருப்பவருக்கு மெமரி கார்டில் ஏற்றிக் கொடுக்கலாம். ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. டிராக்டர் ஓட்டும்போதும், கதிரடிக்கும் இயந்திரத்தின் அருகிலும், இரவில் மடை பார்க்கச் செல்லும்போதும் காதில் இயர்போன் மாட்டக் கூடாது.

நல்ல பதிவே பாதித் தொகுப்பு

கெட்ட விதையை எத்தனை உரம் போட்டும் தேற்ற முடியாது. கெட்ட பதிவும் அப்படித்தான். பம்புசெட் ஓடும் இடத்திலும், காற்று வீசும் வரப்பிலும் நின்று பேசினால் எந்த மென்பொருளாலும் முழுமையாகச் சீராக்க இயலாது. ஒலிப்பதிவுக்கு நெல் மூட்டை அடுக்கிய அறை மிக ஏற்றது. வெறும் சுவர் பேச்சை எதிரொலிக்கும். மூட்டையும் பாயும் மெத்தையும் அதை உள்வாங்கிக்கொள்ளும். செல்போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றே பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். நேர் எதிரே பிடித்தால் மூச்சுக் காற்று மோதும். பதிவின்போது அழைப்பு வராதிருக்க ஏரோபிளேன் மோடில் போட்டுவிட வேண்டும். மின்விசிறியை நிறுத்த வேண்டும்.

பேச்சைத் தொடங்கும் முன் எல்லாரும் பத்து விநாடி வாய் பேசாமல் இருந்து, அந்த அமைதியையும் பதிந்துகொள்ள வேண்டும். இதன் பயன் தொகுப்பின்போது தெரியும்.

தொகுப்புக்கு ஆடாசிட்டி என்ற கணிப்பொறி மென்பொருள் 2000-ஆம் ஆண்டு முதல் இலவசமாகக் கிடைக்கிறது. பழைய கணிப்பொறியே போதும். பேச்சு அலை அலையாகத் திரையில் தெரியும். அலை உயர்ந்த இடம் பேச்சு. தட்டையான இடம் அமைதி. வேண்டாத பகுதியைத் தேர்ந்து டெலிட் செய்தால் முன்னும் பின்னும் ஒட்டிக்கொள்ளும். தவறினால் அன்டூ கொடுத்தால் போனது திரும்பி வரும். முன்பு பதிந்த பத்து விநாடி அமைதியை மாதிரியாகக் காட்டி, நாய்ஸ் ரிடக்‌ஷன் என்ற கட்டளையைக் கொடுத்தால் பின்னணி இரைச்சல் குறையும். அதை அளவோடு செய்ய வேண்டும். மிகுந்தால் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போலாகிவிடும்.

புதிதாகக் கற்பவர் இடறும் இடங்கள் இரண்டு. பல செல்போன்கள் எம்.4ஏ என்ற வடிவில் பதிகின்றன. விண்டோஸ் கணிப்பொறியில் ஆடாசிட்டி அதைத் திறக்க எஃப்.எஃப்.எம்பெக் என்ற துணை மென்பொருளையும் சேர்த்து நிறுவ வேண்டும். அடுத்து, சேவ் செய்வது வேறு, எக்ஸ்போர்ட் செய்வது வேறு. சேவ் செய்த கோப்பு தொகுப்பவருக்கு மட்டுமே பயன்படும். மற்றவர் கேட்க வேண்டுமானால் எம்.பி.3-ஆக எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். இவ்வளவையும் பத்தாம் வகுப்புப் படித்த பிள்ளை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளும்.

களை எடுப்பதா, பயிரைப் பிடுங்குவதா?

கட்டளைகளைக் கற்பது எளிது. எதை வெட்டுவது, எதை விடுவது என்பதுதான் கடினம். களை எடுக்கத் தெரியாதவர் களையோடு பயிரையும் சேர்த்துப் பிடுங்குவது போன்ற தவறு இதில் எளிதில் நேரும்.

எடுத்துக்காட்டாக, ஒரு முதிய உழவர் இவ்வாறு பேசுவதாக வைத்துக்கொள்வோம்: “ஜிங்க் சல்பேட் ஏக்கருக்குப் பத்து கிலோ போட்டேன், பயிர் நல்லாத் தேறிடுச்சு. அந்த வருசந்தான் பெரிய பொண்ணுக்குக் கல்யாணம் வச்சேன், மாப்பிள்ளை வீடு திருவாரூர்ப் பக்கம். ஆனா ஒண்ணு, அதை டி.ஏ.பி.யோட கலந்துடாதீங்க, மணல்ல கலந்து தனியாத் தூவுங்க.” ஊரில் இல்லாத ஒருவர் இதைத் தொகுத்தால், முதல் வாக்கியத்தை வைத்துக்கொண்டு கல்யாணம் முதல் கடைசி வரை வெட்டிவிடுவார். பேச்சு சுருங்கும், கேட்க விறுவிறுப்பாகவும் இருக்கும். கேட்ட உழவரோ இரண்டையும் ஒன்றாகக் கலந்து இடுவார். மணிச்சத்தோடு சேர்ந்த துத்தநாகம் எளிதில் கரையாத பொருளாகிப் பயிருக்குக் கிட்டாமல் போகும். பத்து கிலோவுக்குக் கொடுத்த பணம் வீண். வெட்ட வேண்டியது கல்யாணக் கதை. வெட்டவே கூடாதது அந்த ‘ஆனா’.

உழவர் பேச்சில் ‘ஆனா’, ‘எங்க மண்ணுக்கு’, ‘தண்ணி இருந்தா’, ‘மழை வராட்டி’ என்று வரும் சொற்களே அனுபவத்தின் சாரம். அவை பேச்சின் வேகத்தைக் குறைப்பவை போலத் தோன்றும். வயலில் நின்றவருக்குத்தான் அவற்றின் அருமை தெரியும்.

அளவுகளிலும் இதே கவனம் வேண்டும். “டாங்குக்கு ரெண்டு மூடி ஊத்தினேன்” என்று ஒருவர் சொன்னால் அதை அப்படியே வெளியிடுவது ஆபத்து. கைத்தெளிப்பானில் 10 லிட்டர் டாங்கும் உண்டு, பேட்டரி தெளிப்பானில் 16 லிட்டர் டாங்கும் உண்டு. மூடியின் அளவும் பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். தொகுப்பவர் மறுபடியும் அவரிடம் சென்று, எத்தனை மில்லி, எத்தனை லிட்டர் தண்ணீருக்கு என்று கேட்டுப் பதிந்து சேர்க்க வேண்டும். மருந்தின் பெயரும் அளவும் வரும் பேச்சை, வெளியிடும் முன் வேளாண்மை அலுவலரிடமோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ சரிபார்த்துக்கொள்வது கட்டாயம்.

நட்டம் வந்த ஆண்டையும் சொல்க

வேளாண்மை பற்றிய செய்திகளில் வெற்றிக் கதைகள் நிறைய வருகின்றன. ஏக்கருக்கு இத்தனை மூட்டை, இத்தனை இலட்சம் என்று தலைப்பிலேயே இருக்கும். அந்த உழவர் அதற்கு முந்தைய இரண்டு ஆண்டு என்ன பாடுபட்டார், கூலி எவ்வளவு கொடுத்தார், போர்வெல் எத்தனை முறை பொய்த்தது என்பவை பெரும்பாலும் வருவதில்லை. அவர் சொல்லியிருப்பார், தொகுப்பில் போயிருக்கும். இந்தக் குறையில் விரிவாக்கப் பணியாளர்களுக்கும் பங்கு உண்டு. புதிய இரகத்தையும் புதிய முறையையும் பரப்பும் ஆர்வத்தில், அது தோற்ற வயலைப் பற்றிப் பேச அவர்கள் தயங்குகிறார்கள்.

இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு வெற்றிக் கதையைவிடத் தோல்விக் கதையே அதிகம் தேவை. பெரிய பண்ணை ஒரு போகம் போனாலும் தாங்கும். சிறு உழவர் ஒரு போகம் போனால் நகையை அடகு வைக்க வேண்டும். பக்கத்து ஊரில் ஒரு முறை ஏன் தோற்றது என்று முன்கூட்டியே கேட்டிருந்தால் அந்த நகை பெட்டியிலேயே இருந்திருக்கும்.

யாருடைய குரல் ஒலிக்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது. நடவும் களையெடுப்பும் பெரும்பாலும் பெண்கள் கையில். எந்த வயலில் எந்தக் களை முன்னே முளைக்கிறது, களைக்கொல்லி தெளித்த பின் எது சாகாமல் நிற்கிறது என்பது அவர்களுக்கே முதலில் தெரியும். ஒலிப்பெட்டி முன் உட்காருபவர் மட்டும் ஆண்களாக இருக்கிறார்கள். இது மாற வேண்டும். மாற முடியும் என்பதற்குத் தெலங்கானாவின் பஸ்தாபூர் சான்று. அங்கே 2008 அக்டோபரில் தொடங்கிய சங்கம் ரேடியோ என்ற சமுதாய வானொலியை நடத்துபவர்கள் சிறு நிலம் வைத்துள்ள தலித் பெண்கள். சிறுதானியம், விதைச் சேமிப்பு பற்றியெல்லாம் தங்கள் பேச்சு மொழியிலேயே பதிந்து ஒலிபரப்பினார்கள்.

நாள், ஊர், மண்

வானொலிப் பேச்சு காற்றோடு போய்விடும். வலையொலி போகாது. இன்று ஏற்றியதைப் பத்து ஆண்டு கழித்தும் ஒருவர் கேட்கக் கூடும். அதுவே அதன் பலமும் ஆபத்தும் ஆகும். எண்டோசல்பான் மருந்தை 2011 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஒருவர் அதைப் பரிந்துரைத்துப் பேசிய பதிவு, நாளும் ஆண்டும் இல்லாமல் இன்று ஒருவர் காதில் விழுந்தால் என்ன ஆகும்? ஆகவே ஒவ்வொரு பேச்சின் தொடக்கத்திலும் மாதம், ஆண்டு, ஊர், மண் வகை, பாசன வகை ஐந்தையும் வாயால் சொல்லிவிட வேண்டும். கோப்பின் பெயரில் எழுதினால் மட்டும் போதாது. ஒருவர் மற்றவருக்கு அனுப்பும்போது பெயர் மாறிப்போகும். குரலில் உள்ளது மாறாது.

பருவமும் முக்கியம். இறவை நிலக்கடலைக்கு விதைத்த 40 முதல் 45 நாளில் ஜிப்சம் இட்டு மண் அணைக்க வேண்டும். அது பற்றிய பேச்சு 30-ஆம் நாளில் வந்தால் உழவருக்கு ஜிப்சம் வாங்க நேரம் இருக்கும். 50-ஆம் நாளில் வந்தால் வருத்தப்பட மட்டுமே உதவும்.

தொடங்கும் முறை

புனே பகுதியில் 1956-இல் 150 கிராமங்களில் வானொலி உழவர் மன்றங்கள் அமைத்துச் சோதனை நடந்தது. ஊரார் கூடிக் கேட்பது, கேட்டதை விவாதிப்பது, பிறகு செயலில் இறங்குவது என்பது அதன் முறை. கேட்பதோடு நிற்காமல் பேசியதால்தான் அது பயன் தந்தது. வலையொலிக்கும் அதே முறை பொருந்தும்.

உழவர் உற்பத்தியாளர் குழுவோ, மகளிர் சுய உதவிக் குழுவோ இதைத் தொடங்கலாம். ஊரில் மென்பொருள் கற்க ஒரு பையனும் ஒரு பெண்ணும் போதும். இருவரைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒருவர் வேலைக்கு வெளியூர் போனாலும் பணி நிற்காது. முதல் ஆறு பேச்சுகளைக் குழுவுக்குள் மட்டும் சுற்றவிட்டு, குறை கேட்டுத் திருத்திக்கொண்டு, பிறகு வெளியே விடலாம். வாரம் ஒன்று முடியாவிட்டால் மாதம் இரண்டு போதும். வாரா வாரம் அறிவித்துவிட்டு நிறுத்துவதைவிட அது நல்லது.

மூன்று விதிகளை மட்டும் குழு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். வெட்டாத முழுப் பதிவை ஓராண்டாவது அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். உரக் கடையோ மருந்து நிறுவனமோ பணம் கொடுத்திருந்தால் அதைப் பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். தொகுத்த பேச்சை, பேசியவருக்குப் போட்டுக் காட்டி, அவர் சரி என்ற பிறகே வெளியிட வேண்டும். “நான் சொன்னதுல ஒரு வார்த்தை விட்டுப்போச்சே, தம்பி” என்று அவர் சொன்னால், எட்டு நிமிடம் ஒன்பது நிமிடம் ஆனாலும் அந்த வார்த்தையைத் திரும்பச் சேர்க்க வேண்டும்.

இந்தச் சம்பாப் பருவத்திலேயே நாற்றங்காலில் ஒரு பேச்சு, நடவில் ஒரு பேச்சு, தூர் கட்டும்போது ஒரு பேச்சு, அறுவடையில் வரவு செலவுக் கணக்கோடு ஒரு பேச்சு என்று நான்கு பதிவுகள் செய்து பார்க்கலாம். அடுத்த ஆண்டு அதே பருவத்தில் அவற்றை மறுபடியும் போட்டுக் கேட்டால், அவற்றின் மதிப்பு ஊருக்கே விளங்கும்.